நானூறு கிராம்

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சொல் ஓர் எண்.

2009ஆம் ஆண்டின் கடைசியில், கலியாணம் முடிந்து பாரிசுக்கு வந்து இறங்கிய அன்று, லா சப்பலில் எங்கள் கட்டடத்தின் கீழ்வாசலில் வைத்து என் பெட்டியை அந்த வெள்ளைக்காரப் பெண் ஒற்றைக் கையால் தூக்கினார். ஒரு கணம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "இருபத்தாறு அறுநூறு" என்று பிரெஞ்சில் சொல்லிக் கணவரின் கையில் கொடுத்தார். படி ஏறும்போது கணவர் மொழிபெயர்த்துச் சொன்னபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொழும்பு விமான நிலையத்துத் தராசு இருபத்தாறு தசம் ஆறு காட்டியது எனக்கு நல்ல நினைவு. கூடிவிட்டது என்று பயந்து பயந்து நின்றவள் நான்.

"உவ எல்லாத்தையும் நிறுப்பா. பயப்பிடாதையும்," என்றார் கணவர். "ஆள் நல்லவ. கொஞ்சம் ஒருமாதிரி, அவ்வளவுதான்."

கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கார்தியன் என்பார்கள் இங்கே. கீழ்வாசலுக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு சின்ன அடுப்பு, ஒரு பழைய சமையல் தராசு. வாசலைக் கூட்டுவது, படி துடைப்பது, குப்பைத் தொட்டிகளை வெளியே தள்ளுவது, தபாலில் வரும் பொதிகளை வாங்கி வைப்பது. நாற்பதைத் தாண்டிய ரஷ்யப் பெண். சின்ன உடம்பு. காதுகள் நசுங்கிப் பூவரசங்காய் மாதிரி மடிந்திருக்கும். விரல்கள் மூட்டுக்கு மூட்டு வீங்கி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்க்கும். இளமையில் தன் நாட்டுக்காக ஜூடோ ஆடியவர், ஐம்பத்தாறு கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் என்பது கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல் எதுவும் யாருக்கும் தெரியாது.

எண்ணை அவர் மனதுக்குள் வைத்திருக்க மாட்டார். பொதியைத் தூக்கினால் சொல்வார். குழந்தையைத் தூக்கினால் சொல்வார். ஆளைப் பார்த்தாலும் சொல்வார். லெ பிளாங்-மெனிலில் இருந்து வரும் என் மச்சாளை, கணவரின் தமக்கையை, அவர் வரவேற்கும் விதமே அதுதான். "எழுபத்தெட்டு. போன மாதம் எழுபத்தாறு." மச்சாள் பிரெஞ்சில் "போன்ஜூர் மதாம்" என்று சிரித்துவிட்டு, படி திரும்பியதும் தொடங்குவார். "உவளுக்கு என்ரை கிலோவிலை என்ன அலுவல்? நான் என்ன உவள் வாங்கிற ஆடே?"

ஒருநாள் ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் உள்ள மரக்கறிக் கடைக்குக் கார்தியன் மதாம் என்னோடு வந்தார். நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. பைகளைத் தூக்கத்தான் வந்தார். கடைக்கார அண்ணை மரவள்ளிக்கிழங்கை நிறுத்துக்கொண்டிருந்தபோது, இவர் ஏப்ரன் பைக்குள் கையை விட்டு ஒரு பதக்கத்தை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தார். நாடா அறுந்த, விளிம்பு தேய்ந்த பதக்கம். தராசு நூற்றெழுபது காட்டியது.

"இது நூற்றைம்பது," என்றார் அவர்.

அண்ணை என்னைப் பார்த்தார். "தங்கச்சி, மதாமிட்டைச் சொல்லும், இது மரக்கறிக் கடை, சுங்கக் கந்தோர் இல்லையெண்டு. சுங்கத்திலைகூட இப்பிடிக் கேக்கமாட்டினம்."

அடுத்த கிழமை கடையில் புதுத் தராசு இருந்தது. பிறகு அவர்கள் இருவரும் ஒருவகைச் சிநேகிதர்கள் ஆனார்கள். பலாப்பழம் வந்து இறங்கினால் அண்ணை வாசலில் நின்று கூப்பிடுவார். "மதாம், இதை ஒருக்காப் பிடியுங்கோ." அவர் பிடித்துச் சொல்வார். பிறகு நிறுப்பார்கள். நிற்கிற ஆட்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். சரியாகச் சொன்னதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்ததாகத் தெரியவில்லை. மூச்சை விட்டதுபோல ஒரு சின்ன ஆறுதல் மட்டும் முகத்தில் வந்து போகும்.

இன்னொரு நாள் கீழ்வாசலில் ஒருவன் என் தாலிக்கொடியில் கை போட்டான். லா சப்பலில் அது புதினமில்லை. நான் கத்துவதற்குள் அவர் அறையிலிருந்து வந்து, அவனுடைய சட்டைக் கையையும் கழுத்துப் பட்டியையும் பிடித்தார். என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. அவன் நிலத்தில் கிடந்தான். அவனுடைய ஒரு கையை அவர் கடைசிவரை விடாமல் மேலே இழுத்துப் பிடித்திருந்தார், தலை கல்லில் அடிபடாமல். "எழுபத்துநான்கு," என்று அவனிடமே சொல்லிவிட்டு விட்டுவிட்டார். அவன் ஓடியதைவிட, அந்த எண்ணைக் கேட்டு விழித்ததுதான் எனக்கு நினைவில் நிற்கிறது.

ஆனால் அவரிடம் எனக்குப் பயமும் இருந்தது. நடுப்பகல் வரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டார். மனம் சரியில்லாத நாட்களில் கையில் ஒரு கடுதாசிக் குவளை இருக்கும். பேசிக்கொண்டே அதில் துப்பிக்கொண்டிருப்பார். படியில் பிள்ளைகள் ஓடினால் போதும். அந்த வெளிறிய முகம் சிவந்துவிடும். "படியில் ஓடாதே" என்று அவர் போடும் சத்தத்தில் ஐந்தாம் மாடிக் கதவுகள்கூடத் திறக்கும். படி துடைக்கும்போது மூன்றாம் மாடித் திருப்பத்துக்கு வந்ததும் நிமிர்ந்து நின்று, தன் மொழியில் இரண்டு மூன்று சொற்கள் சொல்வார். ஒவ்வொரு நாள் காலையும் அதே சொற்கள். பிறகு குனிந்து துடைப்பார். செபம் என்று நான் நினைத்தேன். மச்சாள் அப்படி நினைக்கவில்லை. "செய்வினைகாரிபோலக் கிடக்கு. பிள்ளையை உவளிட்டைக் குடுத்துப்போடாதையும்."

என் மகள் பிறந்தது அடுத்த வருடம், மாதம் நிறைவதற்கு முன்பே. சின்னவளாகப் பிறந்தாள். அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழந்தை நல நிலையத்தில் நிறுக்கச் சொன்னார்கள். நிறுத்ததைக் கார்னே என்கிற நலக் குறிப்பேட்டில் எழுதி, புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடாக இணைப்பார்கள். அந்தக் கோடுதான் அப்போது என் வாழ்க்கையாக இருந்தது. பால் போதுமா, நான் சாப்பிடுவது சரியா, வலது பக்கம் எத்தனை நிமிடம், இடது பக்கம் எத்தனை நிமிடம். எதைச் செய்தாலும் செய்த பிறகு அது பிழையோ என்று யோசிப்பேன்.

முப்பத்தோராம் நாள் பிரசவத் துடக்குக் கழிவுக்கு மச்சாள் நகையோடு வந்தார். இடுப்புக்குத் தங்க அரைஞாண், இரண்டு கைக்கும் காப்பு, கழுத்துக்குப் பஞ்சாயுதம் கோத்த சங்கிலி, காலுக்கு வெள்ளித் தண்டை. "ஆறு மாசத்துக்கு ஒண்டையும் கழட்டாதையும்," என்றார். "எங்கடை வீட்டுப் பிள்ளை வெறும் மேலோடை கிடக்கக்கூடாது."

அதற்குப் பிறகு நிறுக்கப் போனபோது மச்சாளும் கூட வந்தார். தாதி புதிதாக வந்த சின்னப் பெண். உடுப்பைக் கழற்றியவள் அரைஞாணில் விரல் வைத்து நிறுத்தினாள். "இதைக் கழற்றலாமா? இல்லை, மதம் சம்பந்தமானதா?"

"என்னவாம்?" என்றார் மச்சாள்.

"கழட்டலாமோ எண்டு கேக்கிறா."

"கூடாதெண்டு சொல்லும்."

"மதம்தான்," என்று நான் பிரெஞ்சில் சொன்னேன்.

அவள் சட்டென்று விரலை எடுத்து மன்னிப்பும் கேட்டாள். தராசு மூன்று கிலோ ஐந்நூற்றறுபது காட்டியது. போனமுறையைவிட முந்நூற்றிருபது கூட. தாதி மகிழ்ச்சியோடு புள்ளி வைத்தாள். கோடு மேலே ஏறியது.

நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவள். கழித்தல் தெரியாதவள் இல்லை. பவுனுக்கு எட்டுக் கிராம் என்பதும் தெரியும். ஆனால் அன்று வீடு வரும்வரை அந்தக் கோட்டைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். அடுத்த தடவைக்குள் லண்டனில் இருந்து சித்தி இன்னொரு சோடித் தண்டை அனுப்பியிருந்தார். அதையும் போட்டுக்கொண்டு போனோம். மூன்று எண்ணூறு. தாதி இப்போது கேட்கவும் இல்லை.

அன்று திரும்பி வரும்போது கார்தியன் மதாம் கீழ்வாசலில் நின்றார். கையை நீட்டினார். நான் அலுத்துப்போயிருந்தேன், பிள்ளையைக் கொடுத்துவிட்டேன். எங்கள் இருவரின் பிரெஞ்சும் அரைகுறை. அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"மூன்று ஐந்நூற்றைம்பது," என்றார்.

"இல்லை மதாம். மூன்று எண்ணூறு. இப்போதுதான் நிறுத்தார்கள்."

"பிள்ளை மூன்று ஐந்நூற்றைம்பது. மிச்சம் உலோகம்." என் முகத்தை அவர் பார்க்கவில்லை; மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளை வளரவில்லை. தங்கம்தான் வளர்கிறது."

நான் பிள்ளையைப் பறித்துக்கொண்டு மேலே போனேன். கணவரிடம் சொல்லவில்லை. மச்சாளிடம் அவர் சொன்னதைச் சொன்னேன், எனக்கு ஆதரவாக யாராவது கோபப்பட வேண்டும் என்று. "நான் சொன்னனெல்லே, உவளின்ரை கண் கூடாதெண்டு," என்று அவர் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். அதன் பிறகு கீழே இறங்கும்போது மதாமின் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துத்தான் இறங்கினேன்.

அந்த இரண்டு கிழமையில் மகள் பால் குடிக்கும்போது நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். நாலு மிடறு குடிப்பாள், பிறகு களைத்து நித்திரையாகிவிடுவாள். அறைச் சூடு கூட என்று ரேடியேட்டரைக் குறைத்தேன். பிறகு குளிர்ந்துவிடும் என்று கூட்டினேன். எண்ணைத் தெரிந்துகொண்டே கூட்டியும் குறைத்தும் கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. அவர்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பவர்போலச் சொன்னார்.

ஜூடோ ஆடிய காலத்தில், பயிற்சி விடுதியில் அவருடைய அறையில் இன்னொருத்தி இருந்தாளாம். அதே ஐம்பத்தாறு கிலோப் பிரிவு. இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சியாளர், ஒரே வாளியில் துணி ஊறவைப்பார்கள். அவள்தான் கெட்டிக்காரி. இவர் அவளோடு மோதி ஒருநாளும் வென்றதில்லை. நாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் போட்டிக்கு முதல் நாள், விடுதியில் இருந்த தராசில் இருவரும் ஏறினார்கள்.

"நான் ஏறியதும் எனக்குத் தெரிந்தது. என் உடம்பு எனக்குத் தெரியும். தராசு நானூறு கிராம் குறைத்துக் காட்டியது. அவள் ஏறினாள். சரியாக ஐம்பத்தாறு. சிரித்தாள். தேத்தண்ணி போட்டுக் குடித்தாள், எனக்கும் தந்தாள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். தாகமில்லை என்றேன்."

நான் மகளை மற்றத் தோளுக்கு மாற்றினேன்.

"காலையில் உண்மையான தராசு. அவளுக்கு ஐம்பத்தாறு நானூறு. நானூறைக் குறைக்க ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு படியில் ஓடினாள். ஏறுவாள், இறங்குவாள், குவளையில் துப்புவாள். மூன்றாம் மாடியில் விழுந்தாள். தூக்கிக்கொண்டு போனார்கள். நான் அன்று நாலு பேரை விழுத்தினேன். பதக்கத்தைக் கழுத்தில் போட்ட பிறகுதான், இதயம் நின்றுவிட்டது, அவள் இல்லை என்று எங்களுக்குச் சொன்னார்கள்."

அதன் பிறகு ஆறு வருடம் அந்தப் பிரிவில் அவருடைய நாட்டில் அவரைவிட்டால் ஆளில்லை. எத்தனையோ நாடுகள், எத்தனையோ பதக்கங்கள். கடைசியாக ஆடியது பாரிசில். முழங்கால் போனது, இங்கேயே தங்கிவிட்டார். மற்றப் பதக்கங்கள் எங்கே என்று அவருக்கே தெரியாது. அந்த முதல் பதக்கம் மட்டும் ஏப்ரன் பையில்.

"ஒரு எண்," என்றார். "சொல்வதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? நான் நினைத்தேன், அவளுக்கும் கால் இருக்கிறது, வேறு தராசில் ஏறிப் பார்க்கட்டும் என்று." பிறகு மகளைக் கையால் காட்டினார். "உன் பிள்ளைக்கு அதுகூட முடியாது."

நான் அவரோடு கீழே இறங்கினேன். அவருடைய சின்ன அறையில் சவர்க்காரம் போட்டுக் காப்புகளைக் கழற்றினோம். ஒன்று வர மறுத்தது, மகள் கத்தினாள். அந்தக் கோணல் விரல்கள் அவ்வளவு மெதுவாக வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் முதலில் பதக்கத்தைத் தராசில் வைத்துக் காட்டினார். நூற்றைம்பது. பிறகு ஒரு துவாயை விரித்து மகளைக் கிடத்தினார். உடம்பில் ஒரு நூலும் இல்லாமல், இடுப்பில் அரைஞாண் பதிந்த சிவப்புக் கோட்டோடு அவள் கிடந்தாள். எவ்வளவு சின்னப் பிள்ளை என்று அன்றுதான் பார்த்தேன்.

அவர் எண்ணைச் சொல்லவில்லை. முதல் தடவையாகச் சொல்லாமல் நின்றார்.

"நீ சொல்," என்றார்.

"மூன்று ஐந்நூற்றுத் தொண்ணூறு," என்றேன். இரண்டு கிழமையில் நாற்பது கிராம்.

"பெலத்துச் சொல்."

நான் இன்னொரு தடவை சொன்னேன்.

மறுநாள் நிலையத்துக்கு மச்சாள் இல்லாமல் போனேன். நகைகளை ஒரு பையில் போட்டு, தாதியின் மேசையில் வைத்து, இது இருநூற்றைம்பது கிராம், முதல் தடவை இதில் ஒரு பங்கையும் அடுத்த தடவை முழுவதையும் நீங்கள் பிள்ளையோடு சேர்த்து நிறுத்திருக்கிறீர்கள், மதம் என்று நான் சொன்னது பொய் என்றேன். தாதி வெளிறிப்போய் மருத்துவரைக் கூப்பிட்டாள். மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். அன்றே ஆஸ்பத்திரி. மகளின் இதயத்தில் ஓர் ஓட்டை. குடிக்கிற பாலின் பலமெல்லாம் மூச்சுவிடுவதற்கே போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் கோட்டை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மருந்து, குழாய் வழியாகப் பால், பிறகு அறுவை. அவள் தேறினாள்.

நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகு மச்சாள் ஒரு நாள் கீழ்வாசலில் அவருக்கு முன்னால் போய் நின்றார். நன்றி சொல்லப் பிரெஞ்சு போதவில்லை. "எழுபத்தொன்பது," என்றார் அவர். "ஓம்," என்றார் மச்சாள், தமிழிலேயே. "ஓம், மதாம்."

மகளுக்கு மூன்று வயதாகும்போது கட்டடத்துச் சொந்தக்காரர்கள் கூடி, கார்தியன் தேவையில்லை என்று முடிவெடுத்தார்கள். வாசலுக்கு எண் பூட்டு வந்தது. அவருக்கு இருந்தது ஒரே ஒரு பெட்டி. போகிற அன்று காலையிலும் படியைத் துடைத்தார். நான் மூன்றாம் மாடித் திருப்பத்தில் காத்திருந்தேன். அவர் நிமிர்ந்து நின்று வழக்கமான சொற்களைச் சொன்னார்.

"என்ன சொல்கிறீர்கள் அதில்?" என்று கேட்டேன். அத்தனை வருடமும் கேட்க வாய் வராத கேள்வி.

"ஐம்பத்தாறு நானூறு," என்றார். "அவளிடம் சொல்கிறேன்."

படியில் எங்கள் இருவரையும் தவிர ஆளில்லை. "அவளுக்குக் கேட்கிறதா?"

"அது அவள் பாடு. சொல்வது என் பாடு." வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த படிக்கு இறங்கினார். எங்கே போனார் என்று பிறகு பலரிடம் விசாரித்தேன். பொபினியில் ஒரு கட்டடத்தில் கண்டதாகக் கடைக்கார அண்ணை சொன்னார். போய்ப் பார்த்தேன். அங்கே இருந்தது வேறு யாரோ.

மகளுக்கு இப்போது ஏழு வயது. இதயத்தைக் காட்ட வருடத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போகிறேன். கார்னேயில் அந்தப் பிழையான இரண்டு புள்ளிகளும் அப்படியே இருக்கின்றன. அழித்து எழுதக்கூடாது என்று அன்று மருத்துவர் சொல்லிவிட்டார். கோட்டில் ஒரு மேடு. புது மருத்துவர் யார் வந்தாலும் அந்த இடத்தில் விரலை வைத்து, "இங்கே என்ன நடந்தது?" என்று கேட்பார். நான் ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து சொல்ல வேண்டும். மதமா என்று கேட்டதை, ஆம் என்று சொன்னதை, தெரிந்துகொண்டு சொன்னதை. போன மாதம் நான் வாயெடுக்கும் முன்பே மகள் பிரெஞ்சில் சொல்லிவிட்டாள். "அது தங்கம். என் எடை இல்லை. அம்மா பிறகு சொல்லிவிட்டா." மருத்துவர் சிரித்தார். நான் கார்னேயை மூடிப் பைக்குள் வைத்தேன்.

கீழ்வாசலில் எண்ணை அழுத்திக் கதவைத் திறந்ததும் அவள் என் கையை விட்டுவிட்டுப் படியில் ஓடத் தொடங்கினாள்.

"ஓடாதை," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக, ஐந்தாம் மாடிவரை போனது. அவள் மூன்றாம் மாடித் திருப்பத்தில் பயந்து நின்றாள். நான் மெல்ல ஏறி அவள் பக்கத்தில் போனேன். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் படியை இப்போது கிழமைக்கு ஒருமுறை ஒரு நிறுவனத்து ஆட்கள் வந்து துடைக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர் எங்கே இருக்கிறாரோ, அங்கே படி இருக்கிறதோ என்னவோ.

"ஐம்பத்தாறு நானூறு," என்று அந்தத் திருப்பத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"யாருக்கு அம்மா சொல்லுறீங்கள்?" என்றாள் மகள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளை ஒவ்வொன்றாக ஏறினேன்.